ஏழாம் லயம் நான்காக மாறிய நாள்

ஹட்டனைப் பின்னால் விட்டு, கொட்டகலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பழைய மடிக்கணினி. பஸ் நிலையத்தில் நின்றால் எதிர் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து தெரியும். வழியில் எங்காவது மறித்து ஏறிக்கொள்ளலாம் என்று நடந்தேன். மழை விட்டிருந்தது. தேயிலைச் சரிவுகளிலிருந்து தண்ணீர் மட்டும் வீதிக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

தொலைபேசி அடித்தது. அலுவலகத்தில் அறிவித்தல்களைத் தட்டச்சு செய்யும் புவனா.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"நடந்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க பக்கத்துல போட்டுட்டுப் போனத சேர் எடுக்கச் சொல்றாரு."

"எடுத்துட்டியா?"

"அதான் யோசிச்சுக்கிட்டு..." என்றாள். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. நாம் எழுதும் குறியீடுகளை மென்பொருள் இணையப் பக்கத்தின் மொழியான எச்.டி.எம்.எல். ஆக மாற்றும்போது, அந்த மாற்றும் விதியை நம் தேவைக்கேற்ப எப்படித் திருத்துவது என்று கேட்டீர்கள். அதற்கான வரிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. எப்போது அதில் கைவைக்கலாம், எப்போது வைக்கக் கூடாது, வைத்தபின் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்ல, அன்று ஹட்டனை விட்டு நான் ஏன் நடந்தேன் என்பதைச் சொன்னால் போதும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். லொறியில் கிளீனராக இருந்திருக்கிறேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியிருக்கிறேன். பிறகு ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கப் போய், அங்கேயே கணினியில் பக்கம் அமைக்கப் பழகி, அதிலிருந்து இணையப் பக்கங்களுக்கு வந்தேன். எந்த இடத்திலும் அதிக காலம் தங்கியதில்லை. இப்போது கண் ஒத்துழைக்காததால் விட்டுவிட்டேன்.

ஹட்டனில் நான் சேர்ந்தது ஒரு சிறிய சமூக சேவை அலுவலகம். ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள். தோட்டங்களுக்கான அறிவித்தல்களைத் தமிழில் வெளியிடுவது அவர்கள் வேலை. அடையாள அட்டைக்கு எங்கே வர வேண்டும், கண் பரிசோதனை எந்தத் தோட்டத்தில், மழை நாட்களில் எந்த லயத்து, அதாவது எந்த வரிசை வீட்டு, மக்கள் வெளியேற வேண்டும், இப்படி. தோட்டங்களில் சிக்னல் மெலிசு. ஒரு பக்கத்தைத் திறக்க ஆட்கள் தொழிற்சாலைக்கு மேலே உள்ள மேட்டில் போய் நிற்பார்கள். அதனால் எழுத்துக் கோப்புகளை எடுத்து, எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே ஆக்கி அடுக்கி வைத்துவிடும் வகை மென்பொருளை அங்கே நிறுவினேன். பக்கம் மெலிசாக இருக்கும், உடனே திறக்கும். புவனா மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டில் எழுதிக் கோப்பைச் சேமித்தால் போதும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளும் என்று நாம் சொல்லும்போது, அது என்ன பார்க்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மழை விடாமல் பெய்த வாரம் அது. டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் சரிவில் வெடிப்பு கண்டிருந்தது. மண்ணைச் சோதிக்கும் அதிகாரிகள் வந்து பார்த்து, மூன்று லயங்களை உடனே காலி செய்யச் சொன்னார்கள். தோட்ட அலுவலகத்துக்குக் கொடுத்த தாள் சிங்களத்தில் இருந்தது. அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. தோட்ட அலுவலகம் பூட்டு. அதனால் தோட்டத்து ஆட்கள் எங்கள் பக்கத்தையே நம்பி இருந்தார்கள். அதிகாரி தொலைபேசியில் சொல்ல, புவனா போயாவன்று காலையிலேயே எழுதிப் போட்டாள். அவள் எழுதியது இது:

3. லயம் – எல்லாக் குடும்பங்களும்
7. லயம் – எல்லாக் குடும்பங்களும்
12. லயம் – எல்லாக் குடும்பங்களும்
அனைவரும் பாடசாலை மண்டபத்துக்குச் செல்லவும்.

லயத்தில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சுண்ணாம்புச் சுவரில் தாரால் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். புவனாவும் அப்படியொரு சுவருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். சுவரில் இருந்ததைப் போலவே எழுதினாள்.

ஆனால் மார்க்டவுனில் வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் அது வரிசைப் பட்டியல். முதல் எண்ணை மட்டும் மென்பொருள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அதன்பின் நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் அது கவலைப்படாது, தானே எண்ணிக்கொண்டு போகும். மூன்று, நான்கு, ஐந்து. பக்கம் அப்படித்தான் வெளியானது. பார்க்க அழகாகவும் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"ஆபீசா? நான் நாலாம் நம்பர் லயத்துல இருந்து பேசுறேங்க. எங்க லயம் கோயிலுக்குப் பக்கத்துல, மட்டத்துல இருக்கு. மேல சரிவே கெடையாது. எந்த மண்ணு வந்து எங்க மேல விழப் போவுது? காலையிலேருந்து பொம்பளைங்க புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூல்ல குந்தியிருக்காங்க."

"நாலாம் லயமா?"

"நாலாம் லயந்தான். ஒங்க பக்கத்துல போட்டிருக்கு. நீங்க தமிழ் படிப்பீங்கல்ல? இல்ல, ஒங்க ஆபீசுலதான் மண்ணு சரிஞ்சிருச்சா?"

நான் என் தொலைபேசியில் பக்கத்தைத் திறந்தேன். பிறகு புவனாவின் திரையைப் பார்த்தேன். திரையில் 3, 7, 12. என் கையில் 3, 4, 5.

"திரும்பக் கூப்புடுறேன்" என்று சொல்லி வைத்தேன். புவனா இரண்டையும் பார்த்தாள்.

"நான் சரியாத்தான அடிச்சிருக்கேன் அண்ணே?"

"சரியாத்தான் அடிச்சிருக்க."

"அப்ப ஏழாம் லயத்து ஆளுங்க?"

"வீட்டுலதான் இருப்பாங்க."

பொறுப்பாளர் உள்ளறையிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. நல்ல மனிதர். இதே மக்களுக்காக எத்தனையோ வாசல்களில் நின்றவர். விஷயத்தைக் கேட்டதும், "பக்கத்தைத் திருத்திப் போடுங்கோ, கெதியா" என்றார்.

அந்த நேரத்தில் என் கை போனது மாற்றும் விதியை நோக்கித்தான். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் கொடுத்த எண்ணையே வைத்துக்கொள் என்று சொல்லச் சில வரிகள் போதும். நான் முன்பு படித்திருக்கிறேன், செய்ததில்லை. புவனாவும், "அந்த விதியவே மாத்திரலாமா?" என்று கேட்டாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த விதி ஒரு பக்கத்துக்கானது அல்ல. அதைத் தொட்டால் தளத்தின் எல்லாப் பக்கங்களும் புதிதாக ஆகும். ஒரு காற்புள்ளி தவறினால் எந்தப் பக்கமும் ஆகாது. அந்த நேரத்தில் அது விளையாடும் இடமில்லை. "இப்ப வேணாம்" என்றேன். "எண்ணே வேணாம். எழுத்துல எழுது. மூன்றாம் லயம், ஏழாம் லயம், பன்னிரண்டாம் லயம். மேல, காலையில வந்த எண்கள் பிழைன்னு போடு."

எழுதினாள். வெளியிட்டோம். இம்முறை திரையைப் பார்க்கவில்லை, தொலைபேசியில் படித்தேன். சரியாக இருந்தது.

"அப்ப முடிஞ்சுது" என்றார் பொறுப்பாளர்.

முடியவில்லை. காலையில் படித்தவர் மாலையில் ஏன் திரும்பவும் அந்த மேட்டில் ஏறி அதே பக்கத்தைத் திறக்கப் போகிறார்? அவர் அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டிருப்பார். நாம் திருத்துவது நம்மிடம் இருக்கும் பக்கத்தை. அவர்கள் கையில் இருப்பது வேறு. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கு அழைத்தோம். தொடர்பு இல்லை. நாலாம் லயத்துக்காரருக்குத் திரும்ப அழைத்தோம், அதுவும் இல்லை. மின்சாரம் போய்ச் சிக்னல் கோபுரம் நின்றிருக்க வேண்டும்.

"நான் போறேன்" என்றேன். "நீ விடாம போன் அடிச்சுக்கிட்டே இரு."

முச்சக்கரவண்டி டிக்கோயாவைத் தாண்டி ஒரு மதகு வரை போனது. அங்கே வீதியின் குறுக்கே மண்ணும் ஒரு மரமும் கிடந்தன. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பார வஹலா அய்யே" என்றார். வீதி மூடியிருப்பது எனக்கும் தெரிந்தது. இறங்கி, மரத்தைத் தாண்டி, தேயிலை மலைக்குள் குறுக்குப்பாதையில் ஏறினேன். காலில் அட்டை ஏறியது. நடப்பது எனக்குப் பழக்கம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாடசாலை மண்டபம் நிரம்பியிருந்தது. நாலாம் லயம், ஐந்தாம் லயம், மூன்றாம் லயம். தலைவர் மாரிமுத்து வாசலில் குடையோடு நின்றார். நான் யார் என்று சொன்னதும் தன் தொலைபேசியை நீட்டினார். அதில் காலைப் பக்கத்தின் படம்.

"நானா சொன்னேன்? ஒங்க பக்கந்தான் சொல்லுது."

"அதுல வந்த நம்பரு பிழைங்க. மூணு சரி. நாலும் அஞ்சும் இல்ல. ஏழும் பன்னெண்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சேறு முழங்கால் வரை இருந்தது. "காலையில ஒண்ணு. இப்ப ஒண்ணு. சாயங்காலம் இன்னொருத்தர் வந்து ஒம்பதாம் லயம்பாரு. நான் எதச் சொல்லி இவங்கள எழுப்புறது?"

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "தலைவரே, நாங்க எடத்த விட மாட்டோம். காலையில சோத்துப் பானையோட வந்து புடிச்ச எடம் இது."

மென்பொருளைப் பற்றி அங்கே பேச முடியாது. பேசினால் சாக்கு மாதிரிதான் இருக்கும். பிழை எப்படி வந்தது என்று விளக்க நேரம் உண்டு, அது அந்த நேரம் இல்லை. "அதிகாரிங்க வெடிப்புல முளை அடிச்சிருப்பாங்க" என்றேன். "சிவப்புத் துணி கட்டியிருப்பாங்க. அது எந்த லயத்துக்கு மேல இருக்குன்னு போய்ப் பாப்போம். என்னை நம்ப வேணாம்."

அவர் குடையை என் பக்கம் கொஞ்சம் சரித்தார். இருவரும் ஏறினோம்.

துணி இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கோடு போல மண் பிளந்திருந்தது. பக்கத்தில் முளைகள். அதற்கு நேர் கீழே தகரக் கூரைகளில் புகை. ஏழாம் லயம். சமைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கினார், சரிவில் இறங்கும்போதே கத்தத் தொடங்கினார்.

லயத்தின் முதல் காம்பரா வீட்டில் செல்லம்மா என்ற பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு சீலை விரிந்து கிடந்தது. அதன்மேல் பாதி மடித்த உடுப்புகள், ஒரு குத்துவிளக்கு, பிள்ளையின் பாடசாலைப் பை.

"நேத்தே மூட்டை கட்டுனோம் தலைவரே" என்றார். "காலையில ஒங்க போனுல பாத்துட்டுத்தான நம்ம லயம் இல்லன்னாங்க. சரி, சாமி காப்பாத்திருச்சுன்னு அவுத்துட்டேன்."

"மறுபடியும் கட்டும்மா."

"இந்தத் தடவ நெசந்தானா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நெசந்தாங்க" என்றேன்.

செல்லம்மா கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டு, வெந்ததும் எடுத்து, அதையும் சேர்த்து மூட்டை கட்டினார். நான் இன்றுவரை மறக்காதது அந்தச் சீலைதான். கட்டி வைத்திருந்தவர்களை அவிழ்க்க வைத்தது மழையும் இல்லை, மலையும் இல்லை, நாங்கள் அழகாக ஆக்கிக் கொடுத்த ஒரு பக்கம்.

பொழுது சாயும்முன் ஏழும் பன்னிரண்டும் காலியாகின. நாலாம் லயத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மண்டபத்தை விட்டார்கள். தொலைபேசியில் என்னைத் திட்டியவரும் அங்கே இருந்தார். செல்லம்மாவின் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கியவர் அவர்தான். "ஆபீசு, ஒங்களால இன்னைக்கு ரெண்டு தடவ குடி மாறிட்டோம்" என்றார்.

நான் புறப்படும்போது தலைவர் கூடவே கொஞ்ச தூரம் வந்தார். "அடுத்த மழைக்கும் இந்தப் பக்கத்தத்தான் பாப்போம். வேற என்ன இருக்கு எங்களுக்கு? நம்பலாமா, கூடாதா? நேராச் சொல்லிருங்க."

"பிழை எப்படி வந்துச்சுன்னு அதே பக்கத்துல எழுதிப் போடுறோம்" என்றேன். "படிச்சுப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

அதன்பின் மழை விட்டது. மண் இறங்கவில்லை. அதிகாரிகள் திரும்ப வந்து பார்த்து, ஆட்களை லயங்களுக்குப் போகச் சொன்னார்கள். மண் இறங்காததால் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதை மறக்கத் தயாரானார்கள். வேலையில் இது ஆபத்தான நேரம். விழுந்திருந்தால் விசாரிப்பார்கள். விழாவிட்டால் தேநீர் குடிப்பார்கள்.

நான் இப்போது அமைதியாக உட்கார்ந்து விதியைத் திருத்தினேன். எழுதிய எண் எதுவோ அதுவே பக்கத்தில் வர வேண்டும். வெளியிடும்முன் பழைய பக்கங்களையும் ஆக்கிப் பார்த்தேன். நல்ல வேளை. பொறுப்பாளர் தன் ஆண்டறிக்கைகளில் எல்லா வரிக்கும் 1 என்றே போட்டு வைத்திருந்தார், மென்பொருள் எண்ணிக்கொள்ளும் என்று. புதிய விதியில் அவருடைய பதினைந்து தீர்மானங்களும் ஒன்றாம் தீர்மானம் ஆகிவிட்டன. அவரும் தவறு செய்யவில்லை. அவர் கைப்பழக்கம் அது. அதனால் புதிய விதியை அறிவித்தல் பகுதிக்கு மட்டும் கட்டுப்படுத்தினேன். அறிக்கைகள் பழையபடியே எண்ணிக்கொண்டன. எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு எழுது என்று புவனாவுக்குச் சொல்லியும் இதைத் தீர்த்திருக்கலாம். ஆனால் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். சுவரில் இருப்பதைப் போல எழுதுபவரை மாற்றுவதை விட, இயந்திரத்தை மாற்றுவது எளிது.

விதிக்குப் பொறுப்பாளர் சம்மதித்தார். திருத்த அறிவித்தலில்தான் சிக்கல் வந்தது.

"'தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்' எண்டு ஒரு வரி போட்டு விடுங்கோ தம்பி."

"தட்டச்சுல பிழை இல்ல சேர்."

"எனக்கு விளங்குது. ஆனா எங்கட முறையே பிழை எண்டு எழுதினால் ஆர் எங்களை நம்புவினம்? தட்டச்சுப் பிழை எல்லாருக்கும் வாறதுதானே."

"இந்த முறைய நிறுவுனது நான். என் பேரப் போடுங்க."

"ஆற்ற பேரையும் போட வேண்டாம். ஒரு வரி. அவ்வளவுதான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அலுவலகம் பிறர் உதவியில் ஓடுகிறது, அதைக் காப்பாற்ற நினைத்தார். வெளியே வந்தபோது புவனா கதவருகில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"போட்டுருங்க அண்ணே. எனக்கென்ன? ஊர்ல நாலு பேரு, புவனா பாத்து அடிக்க மாட்டாளான்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போறாங்க. வேலைய விட்டுட்டு நான் எங்க போறது?"

அவள் சொன்னது நியாயம். எனக்குப் போக எப்போதும் ஓர் இடம் இருந்திருக்கிறது, அவளுக்கு இல்லை. ஆனால் தட்டச்சுப் பிழை என்று போட்டால் அந்தத் தோட்டத்து மக்கள் என்ன படிப்பார்கள்? ஒரு பெண் கவனமில்லாமல் இருந்தாள், இனிக் கவனமாக இருப்பாள் என்று. அது பொய். இதே மென்பொருளை வைத்து வேறு எங்கெல்லாமோ அறிவித்தல் போடுகிறார்கள். அவர்கள் தட்டச்சுக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைவர் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த வாக்கும் இருந்தது.

உட்கார்ந்து எழுதினேன். "போயா தினத்தன்று காலை வெளியான அறிவித்தலில் லய எண்கள் மாறியிருந்தன. எழுதியவர் சரியாகவே எழுதினார். பக்கத்தை ஆக்கும் மென்பொருள், முதல் எண்ணுக்குப் பிறகு தானாக எண்ணிக்கொண்டு போனது. அது அப்படிச் செய்யும் என்பதை, அதை நிறுவியவர் சோதிக்கவில்லை. இப்போது எழுதிய எண்ணே வரும்படி திருத்தப்பட்டுள்ளது. இனியும் ஓர் எண் உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், பக்கத்தை நம்பாமல் எங்களைக் கேளுங்கள்." வெளியிட்டு, தொலைபேசியில் ஒருமுறை படித்துப் பார்த்து, சாவியைப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர், "இருந்து கதைப்பம் தம்பி" என்றார். கதைத்தால் நான் இளகிவிடுவேன் என்று தெரியும். இறங்கிவிட்டேன்.

கொட்டகலைக்கு முன் சிக்னல் திரும்பியது. புவனா மறுபடியும் அழைத்தாள்.

"யோசிச்சு முடிச்சுட்டேன் அண்ணே. எடுக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அண்ணன் மட்டுந்தான் எடுக்கலாம்னேன்."

"நம்புனாரா?"

"அவருக்கும் எடுக்கத் தெரியாதே. ரெண்டு பேரும் ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாரிமுத்துத் தலைவரு போன் பண்ணாரு. படிச்சாராம். நம்பர பெருசா அடிங்கன்னாரு, கண்ணு தெரியலையாம்."

அது போதும் எனக்கு. நுவரெலியா பஸ் வந்தது, மறித்து ஏறினேன். அங்கிருந்து ராகலைக்கு. தெரிந்தவர் ஒருவரின் மரக்கறிக் கொட்டகையில் காய்கறி மூட்டைகளுக்கு ஓரமாகப் படுத்துக்கொண்டேன்.

காலையில் அவர் ஒரு தடித்த மார்க்கர் பேனையைக் கொடுத்தார். லீக்ஸ் மூட்டைகளில் தோட்டக்காரர்களின் எண்ணை எழுதி லொறியில் ஏற்ற வேண்டும், அதுதான் வேலை. மூட்டைகள் வரிசையாக வரவில்லை. மூன்று வந்தது, அடுத்து ஏழு. ஏழு என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தோளில் தூக்கினேன். லொறியில் நின்றவர் அதைப் படித்து, "ஏழு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.